கேன்சல் பண்ணிவிட்டுப் புதுசு போடுவதா?

வஅலைக்கும் ஸலாம், தங்கச்சி. நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பெரியபட்டினத்தில் உங்கள் வீடு ஒன்றில்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்காதீர்கள். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் இதே கேள்வியோடு நாலைந்து வீடாவது இருக்கும்.

உங்கள் தம்பி இங்கிலாந்தில், லெஸ்டரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டான். மாணவர் விசா ஜனவரி 28-ஆம் தேதி தீர்ந்தது. அதற்கு முன்பே, 19-ஆம் தேதி, படிப்பு முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தருகிற கிராஜுவேட் விசாவுக்குப் போட்டுவிட்டான். இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில் அங்கே ஒரு சின்னக் கம்பெனி, வருடம் 34,000 பவுண்டு சம்பளத்தில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுவதாகச் சொல்கிறது. நடுவில் ஒரு ஏஜென்ட். அவர், "கிராஜுவேட்டை வாபஸ் வாங்கு, ஊருக்கு வா, சென்னையில் புதுசாகப் போட்டுவிடலாம்" என்கிறார். சிஓஎஸ், அதாவது ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு முதலாளி தரவேண்டிய ஸ்பான்சர் சான்று, எடுத்துத் தர 9,000 பவுண்டு கேட்கிறார். இது போதாதென்று வாப்பாவுக்கு மதுரையில் இருதய வால்வு ஆபரேஷன். மகன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று உம்மா அழுகிறார்கள். "எப்படியும் வரத்தான் போகிறான், வாபஸ் வாங்கிவிட்டே வரட்டுமா காக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். பதில் வரும்வரை வாபஸ் பொத்தானையும் அழுத்த வேண்டாம், விமானமும் ஏற வேண்டாம். நாளைக்கே கிளம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தாலும் வாபஸ் மட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் வக்கீல் இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சொலிசிட்டர் (வக்கீல்) ஆபீசில் 11 வருடம் கிளார்க்காக ஃபைல் கட்டினவன். கீழக்கரைக்குத் திரும்பிவந்து உட்கார்ந்த பிறகும் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த அனுபவத்தில் சொல்வதுதான். கடைசி முடிவுக்கு முன்னால் தம்பி தன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரைப் பார்க்கட்டும். படிப்பு முடிந்தவர்களுக்கும் பல இடங்களில் உதவுவார்கள், காசு கிடையாது.

இந்த யோசனை ஏஜென்ட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் கரைச் சபுராளிகளில், அதாவது சம்பாதிக்க வெளிநாடு போனவர்களில், முக்கால்வாசிப் பேர் படித்தது துபாய்ப் பாடம். அங்கே ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் பழைய விசாவைக் கேன்சல் பண்ணுவார்கள், கேன்சல் பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள், கிடைக்கிற அவகாச நாளுக்குள் புது விசா அடிப்பார்கள். பழையது போனால்தான் புதியது. இரண்டு தலைமுறையாக இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "முதலில் கேன்சல், அப்புறம் புதுசு" என்பது ரத்தத்தில் ஊறிய வரிசை. லண்டனில் இந்த வரிசை தலைகீழ்.

தம்பியின் கையில் இன்று செல்லுபடியாகிற விசா எதுவும் இல்லை. மாணவர் விசா தீர்ந்துபோனது, கிராஜுவேட் விசா வரவில்லை. ஆனாலும் அவன் அங்கே சட்டப்படிதான் இருக்கிறான். பிரிட்டனின் 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 3சி என்று ஒரு பிரிவு உண்டு. விசா இருக்கும்போதே அடுத்ததற்குப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசா அதே நிபந்தனைகளோடு தானாக நீளும். தம்பி 28-ஆம் தேதிக்கு முன்னால் போட்டதால் அவனுக்கு அது கிடைத்திருக்கிறது. அவனைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த விண்ணப்பம் ஒன்றுதான். வாபஸ் வாங்கிய அன்றைக்கே 3சி முடிகிறது. துபாய் மாதிரி மூட்டை கட்டுவதற்கு என்று தனியாக அவகாசம் கிடையாது. அடுத்த நாள் காலையில் அவன் விசா இல்லாமல் தங்கியிருக்கும் ஆள். வேலைக்குப் போனால் குற்றம், வீட்டு வாடகைக்குக்கூடச் சிக்கல்.

அப்படியானால் மனசு மாறினவன் வேறு விசாவுக்குப் போகவே முடியாதா? முடியும், அதற்கும் வாபஸ் தேவையில்லை. பிரிட்டனுக்குள் இருப்பவர் ஒரு சமயத்தில் ஒரு விண்ணப்பம்தான் வைத்திருக்கலாம் என்பது விதி. ஒன்று நிலுவையில் இருக்கும்போதே இன்னொன்றைப் போட்டால், இரண்டாவது முதலாவதன் திருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேரியேஷன் என்று பெயர். புதியது ஏறின கணத்தில் பழையது தானாக இறங்கிவிடும். நடுவில் ஒரு நிமிஷம்கூட வெற்றிடம் இல்லை, 3சி தொடரும். வத்தைப் படகில் கயிறு மாற்றும்போது புதுக் கயிற்றை முடிந்த பிறகுதானே பழையதை அவிழ்ப்போம், அந்த மாதிரி.

ஆனால் இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது, நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது. இறங்கின பழையது திரும்ப ஏறாது. கிராஜுவேட் விண்ணப்பத்தின் மேல் ஸ்கில்டு ஒர்க்கரைப் போட்டு, அது மறுக்கப்பட்டால், "சரி, கிராஜுவேட்டையே கொடுங்கள்" என்று கேட்க முடியாது. அது இல்லாமல் போய்விட்டது. 14 நாளுக்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ, அதாவது முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், அது முடியும்வரை 3சி நிற்கும், அவ்வளவுதான். விண்ணப்பத்தை முடிவு பண்ணின அதிகாரி விதியைத் தப்பாகப் பார்த்திருந்தால் அதில் ஜெயிக்கலாம். கம்பெனியே போலி என்றால் ஜெயிக்க ஒன்றும் இல்லை.

அதனால் வேரியேஷன் போடலாமா என்ற கேள்வி கடைசியில் அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாஸ்போர்ட் விஷயம்.

தம்பி போன் செயலியில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணித்தானே கிராஜுவேட்டுக்குப் போட்டான்? அப்படியானால் பாஸ்போர்ட் அவன் அலமாரியில்தான் இருக்கும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டை ஹோம் ஆபீசுக்கு, அதாவது விசா கொடுக்கிற பிரிட்டன் உள்துறைக்கு, அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஊருக்குப் போக ஆசைப்பட்டாலும் போக முடியாது. இப்போது எல்லாம் இ-விசா. அட்டையும் இல்லை, முத்திரையும் இல்லை, பாஸ்போர்ட் கையில். போகிறவனை ஹீத்ரோவில் யாரும் நிறுத்திக் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் விதி பழையபடிதான் இருக்கிறது: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பொதுப் பயணப் பகுதியை விட்டு, அதாவது பிரிட்டன், அயர்லாந்து, பக்கத்துச் சின்னத் தீவுகள் ஆகியவற்றை விட்டு வெளியே போனால், போன தேதியோடு அந்த விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். கிராஜுவேட் விசாவுக்கு வெளியிலிருந்து போடவே முடியாது. விமானம் மேலே எழும்பின நிமிஷம் அந்தக் கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளும்.

இதில் எனக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. 2022-ல் தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், இதே நிலைமையில், ஆபீசுக்குப் போன் பண்ணினான். எடுத்தது நான்தான். உம்மா மவுத்தாகிவிட்டார்கள், போகலாமா என்று அழுதுகொண்டே கேட்டான். மேஜையில் வேறு ஃபைல் விரிந்து கிடந்தது. "பாஸ்போர்ட் உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டேன். அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "இருக்கு காக்கா, சரி காக்கா" என்று வைத்துவிட்டான். நான் கேட்ட கேள்வியை அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். திரும்ப நான் கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிடவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடித்துவிட்டு வந்தவனைச் சென்னை விமான நிலையத்திலேயே செக்கின் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. எங்கள் சொலிசிட்டர் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டாக் எடுக்கிறான். பெருநாளைக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போன்தான் ஞாபகம் வரும்.

இனி கம்பெனி.

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு. வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கவேண்டும். மாணவர் விசாவிலிருந்தோ கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுகிறவர்களைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்று தனியாக வைத்து 33,400 பவுண்டு போதும் என்கிறார்கள். ஆகவே 34,000 என்பது பார்வைக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வேலைக் குறியீட்டுக்கும் ஒரு சந்தைச் சம்பளம் வகுத்திருக்கிறார்கள். அதில் 70 சதவீதம், இல்லையென்றால் 33,400, எது அதிகமோ அதுதான் தம்பிக்குப் பொருந்தும். "ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட்" என்று கடிதத்தில் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. எந்தக் குறியீட்டில் சிஓஎஸ் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நிஜமான கம்பெனி ஒரே மெயிலில் நான்கு இலக்க எண்ணைச் சொல்லிவிடும்.

அடுத்தது, கணக்கு இடிக்கிறது. மாணவர் விசாவில் உள்நாட்டில் இருக்கிறவனை அப்படியே ஸ்கில்டு ஒர்க்கருக்கு மாற்றினால் அந்த முதலாளி, வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் பண்ணுவதற்காக அரசுக்குக் கட்டுகிற குடிவரவுத் திறன் வரியைக் கட்டவேண்டியதில்லை. அதே பையனை ஊருக்கு அனுப்பிச் சென்னையிலிருந்து போடவைத்தால் அந்த வரியைக் கட்டவேண்டும், சிஓஎஸ்ஸும் வேறு வகை, ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக ஹோம் ஆபீசில் கேட்டு வாங்கவேண்டும். தம்பிக்கும் செலவு கூடும்: விசா மையமான விஎஃப்எஸ்ஸுக்கு அலைச்சல், டிக்கெட், ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் காசநோய்ப் பரிசோதனைச் சான்று. (போகிற நாட்டுக்காரன் நம் உடம்பை நம் கரையிலேயே வைத்துச் சோதிப்பது நமக்குப் பழகினதுதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் கேம்பில் நிறுத்திவைத்துப் பார்த்துத்தானே அனுப்பினார்கள்.) ஒரு முதலாளி தன் பணத்தைத் தானே கூடுதலாகச் செலவழிக்கிற வழியை ஏன் சொல்லவேண்டும்? எனக்குத் தெரிந்து அப்படி யாரும் சொல்வதில்லை. இந்த யோசனை கம்பெனியிடமிருந்து வந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஊருக்கு வந்துவிட்டவன் ஏஜென்ட்டை விட்டால் வேறு வழியில்லாதவன். பேரம் பேச முடியாது. அதுதான் கணக்கு.

9,000 பவுண்டைப் பற்றிச் சொல்லவே கோபம் வருகிறது. சிஓஎஸ் என்பது முதலாளி ஹோம் ஆபீசுக்குச் சில நூறு பவுண்டு கட்டணம் செலுத்தி எடுக்கிற எண். ஸ்கில்டு ஒர்க்கருக்கு எடுக்கிற சிஓஎஸ் கட்டணத்தையும், ஸ்பான்சர் பண்ணக் கம்பெனி வாங்குகிற லைசென்ஸ் செலவையும் வேலைக்காரன் தலையில் கட்டக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் தடை இருக்கிறது. திறன் வரிக்கு அதற்கும் முன்பிருந்தே தடை. கட்டவைத்தது தெரிந்தால் கம்பெனியின் லைசென்ஸே போகும். லைசென்ஸ் போனால் அங்கே வேலை பார்க்கிற எல்லோருடைய விசாவையும் சுருக்கிவிடுவார்கள், வழக்கமாக 60 நாள் கொடுத்து. அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்கவேண்டும், இல்லை மூட்டை கட்டவேண்டும். பத்து லட்ச ரூபாய் கொடுத்து அந்த 60 நாளை வாங்குவானேன்? உம்மாவின் நகை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைத் தொடாதீர்கள்.

லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலைப் பிரிட்டன் அரசு இணையத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறது. பெயர், ஊர், எந்த விசாவுக்கு லைசென்ஸ், ஏ தரமா பி தரமா, எல்லாம் இருக்கும். பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் நல்ல கம்பெனி என்று ஆகிவிடாது, ஆனால் பெயர் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏஜென்ட்டையும் பாருங்கள். பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய சொலிசிட்டர் மாதிரி பதிவுபெற்ற வக்கீலாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு வேண்டும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்த அமைப்புதான். பதிவில்லாமல் செய்வது குற்றம்.

சரி, கம்பெனி நல்ல கம்பெனிதான், ஏஜென்ட் மட்டும்தான் இடையில் புகுந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் கிராஜுவேட்டையே முதலில் வரட்டும் என்பேன்.

கிராஜுவேட் விசாவில் ஸ்பான்சர் கிடையாது. எந்த வேலையும் பார்க்கலாம், தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் ஆகமுடியாது. முதலாளி திட்டினால் வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேறு இடம் போகலாம். தம்பி இப்போது போட்டிருப்பதற்கு 2 வருடம் கிடைக்கும். 2027 ஜனவரி 1 முதல் போடுகிறவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது, பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருடம் அப்படியே. வாழ்க்கையில் ஒரே தடவைதான் கிடைக்கும், நீட்டிப்பும் இல்லை. கடைசியாக வைத்திருந்த விசா மாணவர் விசாவாக இருக்கவேண்டும் என்பதால், ஸ்கில்டு ஒர்க்கருக்குத் தாவினவன் பின்னால் வந்து இதைக் கேட்க முடியாது. இதே கம்பெனியில் இதே வேலையை கிராஜுவேட் விசாவில் இருந்தபடியே ஆறு மாதம் பார்க்கட்டும். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, சொன்ன வேலைதான் கொடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். அப்புறம் அங்கிருந்தே ஸ்கில்டு ஒர்க்கருக்குப் போடலாம், அதே 33,400 சலுகை அப்போதும் உண்டு. அது மறுக்கப்பட்டாலும் கிராஜுவேட் விசாவில் மிச்சமிருக்கும் நாட்கள் கையில் இருக்கும். இப்போது வேரியேஷன் போட்டால் அந்தக் காப்பு இல்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. அந்தச் சலுகைச் சம்பளம் மொத்தம் 4 வருடத்துக்குத்தான். கிராஜுவேட்டில் கழிக்கிற காலமும் அதில் கழியும். அங்கேயே குடியிருக்கும் உரிமைக்கு எண்ணுகிற 5 வருடத்தில் கிராஜுவேட் காலம் சேராது, ஸ்கில்டு ஒர்க்கர் காலம்தான் சேரும். அந்த 5-ஐ 10 ஆக்குவோம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வேறு சொல்லியிருக்கிறார்கள். முதலாளிக்கும் இப்போது மாற்றினால் திறன் வரி மிச்சம், பிறகு மாற்றினால் கட்டவேண்டும். அதனால் ஒரு நேர்மையான முதலாளிகூட "இப்பவே மாறு" என்று அவசரப்படுத்தலாம். அதைக் குற்றமாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். தம்பிக்கு நிக்காஹ் பேச்சு ஓடுகிறதா? ஓடினால் அது கணக்கை மாற்றும். கிராஜுவேட் விசாவில் புதிதாகக் கட்டின மனைவியைத் துணையாகக் கூட்டிப்போக முடியாது. மாணவர் விசாக் காலத்திலேயே துணை விசாவில் அங்கே இருந்தவர்கள் மட்டும்தான் தொடரலாம். ஸ்கில்டு ஒர்க்கரில் கூட்டிப்போகலாம். "மாப்பிள்ளை லண்டன்" என்று சொல்லிப் பெண் வீட்டில் பேசிமுடித்துவிட்டு, பெண்ணை 2 வருடம் பெரியபட்டினத்திலேயே உட்காரவைத்த வீடுகளை எனக்குத் தெரியும். பேச்சு இருந்தால் பெண் வீட்டாரிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது மரியாதை.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாபஸ் வாங்கினால் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டின சுகாதாரக் கட்டணம், வருடத்துக்கு 1,035 வீதம் 2 வருடத்துக்கு 2,070 பவுண்டு, திரும்ப வரும். விண்ணப்பக் கட்டணம் வராது, அவன் செயலியில் அடையாளம் காட்டி முடித்துவிட்டான். அதற்கு முன்பு வாபஸ் வாங்கியிருந்தால் அதுவும் வந்திருக்கும். வேரியேஷன் போட்டால் புது விசாவுக்கான இரண்டு கட்டணத்தையும் புதிதாகக் கட்டவேண்டும். ஆனால் பணத்தை வைத்து இந்த முடிவை எடுக்கவேண்டாம், இதில் பணம்தான் ஆகச் சின்ன விஷயம்.

வாப்பாவிடம் வருகிறேன். டாக்டர் பெருநாளைக்கு அப்புறம், ஏப்ரலுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? கிராஜுவேட் விண்ணப்பத்துக்கு வழக்கமாக 8 வாரத்துக்குள் பதில் வரும். ஜனவரி 19-லிருந்து எண்ணினால் மார்ச் 16. பெருநாள் அதற்கும் நாலைந்து நாள் கழித்துத்தான். ஆக, இந்த நோன்பு முடிவதற்குள் பதில் வந்துவிட வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வந்துவிட்டால் தம்பி தாராளமாக வரலாம், ஒரு மாதம் தங்கி வாப்பாவைப் பார்த்துக்கொண்டு திரும்பலாம். ஏறுவதற்கு முன்னால் அவன் இ-விசாக் கணக்கில் இப்போது வைத்திருக்கும் பாஸ்போர்ட்டின் எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட் புதுப்பித்ததை அதில் ஏற்றாமல் விட்டுவிட்டு விமான நிலையத்தில் முழிக்கிறவர்கள் உண்டு. 8 வாரம் என்பது வாக்குறுதி இல்லை, தாண்டவும் செய்யலாம். அதனால் மதுரையில் டாக்டரிடம் ஒரு தடவை நேராகப் போய், ஏப்ரல் நடு வரைக்கும் தள்ளினால் வாப்பாவுக்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். "பார்க்கலாம்மா" என்று சொன்னால் விடாதீர்கள், விசா விஷயத்தைச் சொல்லியே கேளுங்கள்.

வாப்பாவுக்குத் திடீரென்று முடியாமல் போனால்? அப்போது விதி பேச நான் வரமாட்டேன். மகன் கிளம்பி வரட்டும். ஆனால் அப்போதும் ஒரு காரியம்: வாபஸ் வாங்கிவிட்டுக் கிளம்பக்கூடாது. இன்றைக்கு வாபஸ் வாங்கி, டிக்கெட் மலிவாக வரட்டும் என்று பத்து நாள் காத்திருந்தால், அந்தப் பத்து நாளும் அவன் பெயரில் விசாவில்லாமல் தங்கின கணக்கில் ஏறும். வாபஸ் வாங்காமல் விமானம் ஏறினால், ஏறுகிற நிமிஷம் வரைக்கும் 3சி காப்பாற்றும். போனபிறகு விண்ணப்பம் தானாகத்தான் விழும். சட்டப்படி இருந்தான், சட்டப்படி போனான். முப்பது நாளுக்குள் சொந்தச் செலவில் கிளம்பிவிட்டால் தடை விழாது என்று ஒரு சலுகை இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் பின்னால் எந்த நாட்டு ஃபாரத்திலும் "அனுமதிக்கு மேல் தங்கியதுண்டா" என்ற கேள்வி வரும், அதற்கு இல்லை என்று எழுத முடிவது பெரிய விஷயம்.

அப்படி வந்துவிட்டால் கிராஜுவேட் போனது போனதுதான். ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. மாணவர் விசா தீர்ந்து 2 வருடத்துக்குள் சென்னையிலிருந்து ஸ்கில்டு ஒர்க்கருக்குப் போட்டால், அப்போதும் புதிதாக வருகிறவர் என்ற குறைந்த சம்பள வரம்பு அவனுக்குக் கிடைக்கும். நல்ல கம்பெனி என்றால் அதற்கும் காத்திருக்கும்.

வாபஸ் என்ற வார்த்தையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து போட்டவர்களுக்கு அது நல்ல வழி. உங்கள் மாமா மகள் மாணவர் விசாவுக்குச் சென்னையில் போட்டுவிட்டு, கைரேகை வைப்பதற்குள் மனசு மாறினால், வாபஸ் வாங்கினால் கட்டணம் முழுசாக வரும். பாஸ்போர்ட் அவசரமாக வேண்டும் என்றாலும் வாங்கலாம். வாபஸ் என்பது மறுப்பு ஆகாது, "விசா மறுக்கப்பட்டதா" என்று கேட்டால் இல்லை என்றே எழுதலாம். ஆனால் பொய்ப் பேப்பர் வைத்துவிட்டு மாட்டிக்கொள்வோமோ என்று வாபஸ் வாங்கினால் அந்தக் கறை போகாது. கனடாவில் மனைவிக்கு ஸ்பான்சர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களும் என்னிடம் கேட்கிறார்கள், விசிட் விசாவுக்காக அதை வாபஸ் வாங்கவேண்டுமா என்று. வேண்டாம். நிரந்தரமாக வரும் எண்ணமும் தற்காலிகமாக வந்துபோகும் எண்ணமும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. நாட்டுக்கு நாடு இப்படி மாறும், தம்பிக்குச் சொன்னதை அப்படியே கனடாவுக்குப் போகிற மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போதைக்குத் தம்பி செய்யவேண்டியது அதிகம் இல்லை. ஹோம் ஆபீஸ் மெயில் ஸ்பாம் பெட்டியில் விழுகிறதா என்று தினம் பார்க்கவேண்டும். கூடுதல் பேப்பர் கேட்டால் கேட்ட தேதிக்குள் அனுப்பவேண்டும். இப்போது வேலை பார்க்கிற இடத்தில் "உன் விசா தீர்ந்துவிட்டதே" என்று கேட்டால், ஹோம் ஆபீசின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீசில் பார்க்கச் சொல்லவேண்டும். நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி முதலாளிக்கு 6 மாதத்துக்கு ஒரு நோட்டீஸ் அங்கிருந்து வரும். ஏஜென்ட்டிடம் சண்டை போடவேண்டாம், "பதில் வரட்டும், பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். பாஸ்வேர்டு மட்டும் அவரிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். வாபஸ் ஃபாரத்தை யார் அழுத்தினாலும் அது தம்பி அழுத்தினதாகத்தான் போய்ச் சேரும்.

அந்தக் கம்பெனியின் முழுப் பெயரை எனக்கு அனுப்பிவையுங்கள். தராவீஹ் முடிந்து வந்து பட்டியலில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். வாப்பாவுக்கு என் சலாம். தம்பிக்குப் பார்சலில் தொதல் அனுப்பப்போவதாக எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அவனே வந்து சாப்பிடட்டும்.